கொட்டும் மழையில் ஒரு தண்ணி வண்டி

— நிறுத்துங்க, நிறுத்துங்க! வண்டிய அங்கியே நிறுத்துங்க! கொட்டுற மழையில தண்ணி டேங்கர் ஓட்டிட்டு வர்ற ஒரே மனுசன் இந்தக் கம்பைநல்லூர் வட்டாரத்துலயே நீங்களாத்தான் இருப்பீங்க, தீர்த்தகிரி!

— என்னங்க சொல்றீங்க? டிராக்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!

— மழைன்னு சொல்றேன்! மேல பாருங்க, மழை!

— ஓ, அதுங்களா. பாத்தேங்க, பாத்தேன். வர்ற வழியில லேசா தூறுச்சு.

— தூறுச்சா? உங்க சட்டையப் புழிஞ்சா நாலு மாமரத்துக்குப் பாயும். எறங்கி மோட்டார் கொட்டாய்க்குள்ள வாங்க. அந்தப் பக்கம் ஒழுவுது, இப்பிடி நில்லுங்க.

— நீங்க மொதல்ல உள்ள வாங்க, மணிமேகலை. நான் வரும்போது மரத்துக்கு மரம் ஓடிட்டு இருந்தீங்க. யாரோ தொரத்தறாங்கன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சேன்.

— ஓடுனேன். நாப்பத்தோரு வயசுல பாவாடைய தூக்கிச் சொருவிட்டு ஓடுனேன். ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பாத்தேன். பாத்தியெல்லாம் ரொம்பி வழியுது தெரியுமா? சேத்துல ரெண்டு தடவ வழுக்கி வுழுந்தேன். ராமக்கா அவங்க கொல்லையில இருந்து பாத்துட்டு, "இவளுக்குப் புத்தி பெசகிப்போச்சு"ன்னு கத்துனா. திரும்பிப் பாத்தா அவளும் ஆட்டுக்குட்டிய இடுப்புல வெச்சிட்டு ஆடிட்டு இருக்கா!

— எத்தன நாள் கழிச்சுங்க இந்த மழை?

— தை கடைசியில பூவக் கழுவிட்டுப் போச்சே ஒரு மழை, அதுக்கப்புறம் இன்னிக்குத்தான். எல்லாமே தலகீழுங்க. மார்கழியில வர வேண்டிய பூ தையில வந்துச்சு. தையில வரக் கூடாத மழை அப்பத்தான் வந்துச்சு. மீந்து நின்ன பிஞ்சு, சித்திரை வெயில்ல கோலிக்குண்டாட்டம் உதுந்துச்சு. மாங்கூழ் பேக்டரிக்கு ஒரு கூடை போகல இந்த வருசம்.

— எனக்குத் தெரியாதுங்களா? அம்பது நாளா நான்தான அந்தப் பிஞ்சு மேல வண்டி ஏத்தி எறக்கறேன். நறநறன்னு சத்தம் கேக்கும். வூட்டுக்குப் போயி சோத்துல கை வெச்சாலும் அந்தச் சத்தந்தான்.

— காய் போனாப் போவுது, மரத்தையாச்சும் சாவாம நிறுத்தணும்னுதான் உங்களக் கூப்ட்டேன். எம்பதுல ஒம்பது போச்சு. எழுவத்தொண்ணு நிக்குது. தழை கழுவிட்டு எப்பிடி மினுக்குது பாருங்க, பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பற பிள்ளைங்களாட்டம்!

— நல்லா இருக்குதுங்க.

— அப்பறம் ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு? சரி, டேங்கர்ல இருக்கற தண்ணிய என்ன பண்ணப் போறீங்க?

— அது... ஒரு பேச்சுக்கு சொல்றேன், மூலையில இருக்கற செந்தூரா மாமரத்துக்கு வுடலாம்னு.

— செந்தூரா முட்டியளவு தண்ணியில நிக்குது.

— அப்ப நீலத்துக்கு.

— நீலம் நீச்சலடிச்சிட்டு இருக்கு! உங்களுக்கு என்னங்க ஆச்சு? இருங்க, நானே போயி வால்வத் தொறந்து வுடறேன். ரோட்டோரப் புளியமரமாவது குடிக்கட்டும்.

— வேண்டாங்க! வால்வத் தொடாதீங்க!

— ஏன்?

— துருப்புடிச்சிருக்கு. கையக் கிழிச்சிரும்.

— நேத்து நான்தான தொறந்தேன், வெண்ணெயாட்டம் திரும்புச்சே. வுடுங்க என்னை. இதோ... என்னங்க இது? காத்துதான் வருது!

— உள்ள வாங்க, நனையறீங்க.

— தீர்த்தகிரி, வண்டியில தண்ணி இல்ல.

— இல்லைங்க.

— காலி டேங்கர பதினாலு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தீங்களா?

— பன்னெண்டுதாங்க. ஓடப்பக்கமா குறுக்கு வழி இருக்கு.

— எதுக்கு வந்தீங்க?

— ரொப்பத்தாங்க கெளம்புனேன். குவாரிக் குட்டைக்குப் போறதுக்குள்ள மழை புடிச்சிருச்சு. இனிமே உங்களுக்கு எதுக்குத் தண்ணின்னு வண்டிய வூட்டுக்குத் திருப்புனேன். ஸ்டீரிங் இந்தப் பக்கமா வந்துருச்சு.

— தானாவா?

— அம்பது நாளா இதே வழிதான? வண்டிக்குப் பழகிப்போச்சு. சிரிக்காதீங்க.

— சிரிக்கல. வயித்தப் புடிச்சிட்டு நிக்கறேன், அவ்ளோதான். அய்யோ சாமி, காலி டேங்கரு! உள்ள ஒரு குண்டா தண்ணி கூடவா இல்ல?

— நீங்க சிரிச்சு முடிங்க. அப்பறம் ஒண்ணு சொல்றேன். சொன்னா சிரிக்க மாட்டீங்க.

— முடிச்சிட்டேன். சொல்லுங்க.

— பத்து நாளைக்கு முந்தி, மழை வரக் கூடாதுன்னு வேண்டிட்டு இருந்தேங்க.

— என்னது?

— மேகம் கட்டுனா மேல பாத்து, போ போன்னு கைய ஆட்டுவேன். மழை வந்துட்டா நீங்க போன் பண்ண மாட்டீங்களே. கோயிலுக்கே போயி சொல்லிட்டேன், ஒரு வாரமாச்சும் தள்ளிப் போடு சாமின்னு.

— அடப்பாவி மனுசா! எழுவத்தொண்ணு மரம்! இங்க நான் மஞ்சத்துணியில முடிச்சுப் போட்டு வெச்சு மழை மழைன்னு கும்புடறேன், அங்க போயி நீங்க எதிர் மனு குடுக்கறீங்களா? சாமி யாரு பேச்சத்தான் கேக்கும்?

— உங்க பேச்சத்தான் கேட்டுருச்சே.

— அதான் பத்து நாள் லேட்டு! அந்த மேற்கு ஓரத்து மரம் போன வாரந்தான் காஞ்சுது, தெரியுமில்ல?

— தெரியும்ங்க. அன்னிக்கு அதுக்கு மட்டும் ரெண்டு தடவ ஊத்துனேன். நீங்க பாக்கல. பொழச்சுக்கும்னு நெனச்சேன். அதுக்கப்பறம் வேண்டறத வுட்டுட்டேன்.

— ஓ. அந்த ஈரம் உங்க வேலதானா?

— ஆமாங்க.

— சரி வுடுங்க, உங்க வேண்டுதலுக்கு பயந்துட்டா வானம் நிக்குது? அது அதுபாட்டுக்குக் கெட்டுக் கெடக்கு. ஆனா மழையப் போயி வேணாம்னு சொல்ல எப்பிடிங்க மனசு வந்துச்சு? நீங்களும் கொல்லையில வெள்ளாமை பாத்தவர்தான?

— எங்க கொல்லைக்கு அது ஒரு நாளும் நேரத்துல வரலிங்க. காரிமங்கலத்துப் பக்கம் ஒண்ணரை ஏக்கர்ல தக்காளி போட்டேன். மொத வருசம் வெயில்ல பூவெல்லாம் கருகிச்சு. அடுத்த வருசம் பழுக்கற நேரம் பாத்து புயல் மழை, மூணு நாள் நின்னுச்சு, செடியோட அழுவிச்சு. மூணாவது வருசம் போர்க்கெணத்துல தண்ணிக்குப் பதிலா மண்ணுப் புகை வந்துச்சு. அதோட நாத்து வாங்கறத நிறுத்திட்டு டேங்கர் வாங்குனேன். ஊரு காஞ்சாத்தான் எனக்குச் சோறு. நல்லா இருக்கா பொழப்பு?

— கல்யாணமும் அதனாலதான் நின்னுச்சாமே? ராமக்கா சொன்னா.

— அந்தம்மாவுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா? ஏழு வூட்ல பொண்ணு பாத்தேங்க. போயி ஒக்காந்ததும் மொதக் கேள்வி, "போர்ல எத்தன இஞ்சு தண்ணி?" ஏழாவது வூட்ல பொண்ணே கேட்டுச்சு. நான் வெறப்பா சொன்னேன், "போர் இல்ல, டேங்கர் இருக்கு, அஞ்சாயிரம் லிட்டரு"ன்னு.

— அது என்ன சொல்லுச்சு?

— காபி டம்ளர வாங்கிட்டு உள்ள போயிருச்சு. பாதிதான் குடிச்சிருந்தேன்.

— அய்யோ, என்னால முடியலிங்க... இருங்க, மூச்சு வாங்கிக்கறேன்.

— சிரிங்க, சிரிங்க. நான் ஒண்ணு கேக்கலாங்களா?

— கேளுங்க.

— மொத இருவத்தேழு நாளு "தீர்த்தகிரிண்ணா, தீர்த்தகிரிண்ணா"ன்னு கூப்ட்டீங்க. அப்பறம் அந்த அண்ணாவ எங்கியோ தொலச்சிட்டீங்க. வெறும் பேருதான் வருது. இருவத்திமூணு நாளாச்சு.

— எண்ணிட்டா இருக்கீங்க?

— வண்டி நடைய எண்றதுதான் தொழிலு. கூடவே இதையும் எண்ணுனேன்.

— உங்க பேரே ரயிலாட்டம் நீளமா இருக்கு. அதுக்குப் பின்னால அண்ணாவ வேற மாட்டுனா வாய் வலிக்குது.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான்.

— சரிங்க, சரிங்க. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

— சேலத்துல நர்சிங் படிக்கற எம் பொண்ணு பிரியங்காவும் போன்ல இதையேதான் கேட்டா. "ஏம்மா, நாலு வார்த்தைக்கு ஒரு தடவ தண்ணி வண்டி, தண்ணி வண்டிங்கற, உனக்கு என்னாச்சு?"ன்னா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வெயில்னு சொன்னேன்.

— மணிமேகலை, வர்ற வெள்ளிக்கிழமை உங்க மச்சாண்டாரு மரம் அறுக்க ஆள் கூட்டிட்டு வர்றாருன்னீங்களே. அது என்னாச்சு?

— மாதப்பன் மச்சாண்டாரா? எங்கூட்டுக்காரரு தவறிப்போன இந்த எட்டு வருசமா, அவங்கண்ணன் சொல்றது ஒரே பாட்டுதான். "இந்தப் பூமியில இனி வெயில்தான் நல்லா வெளையும். மரத்த வெட்டிட்டு சோலார்காரனுக்குக் குத்தகைக்கு வுட்டு வெயிலயே அறுவட பண்ணு. ஒத்தப் பொம்பள எழுவது மரத்த வெச்சிட்டு என்ன பண்ணுவே?"

— இவ்ளோ மழை பேஞ்சப்பறமுமா?

— ஒரு மழைக்கெல்லாம் மனசு மாறுற ஆளு இல்ல. பூமியில அவருக்கும் பாத்தியதை இருக்கு. ஆனா ஒண்ணு, ஒத்தப் பொம்பளங்கறதுதான் அவருக்குக் கொறை. வேற கொறை சொல்லல.

— வெட்ட வேண்டாங்க. நான் சொல்றேன் கேளுங்க. எட்டாத கிளையெல்லாம் கவாத்து பண்ணிரலாம், கம்மித் தண்ணியில நிக்கும். மேட்டுப் பக்கம் ஒரு பண்ணைக்குட்டை வெட்டணும். பாருங்க, இவ்ளோ மழையும் ஓடைக்குத்தான ஓடுது? பாத்தியில சருகு மூடி வெச்சா ஈரம் காயாது. மரத்துக்கு நடுவுல சாமை வெதைக்கலாம். மாங்கா ஏமாத்துனாலும் சாமை ஏமாத்தாது.

— விவசாயமே வேணாம்னு ஓடிப்போன ஆளு பேசற பேச்சப் பாருங்க!

— ஒரு பேச்சுக்கு சொல்றேன்.

— பேச்சுக்கா?

— இல்லைங்க. செய்யறதுக்குத்தான்.

— அதுவும் தோத்துப் போனா?

— தோக்கும்ங்க. நடுவுல ஒரு வருசம் வெயில் அடிக்கும், ஒரு வருசம் புயல் அடிக்கும். காலம் அப்பிடி ஆயிருச்சு. ஆனா தனித்தனியா ரெண்டு எடத்துல தோக்கறதுக்கு, ஒரே எடத்துல ரெண்டு பேருமா தோக்கலாம்னு...

— இன்னொரு தடவ சொல்லுங்க.

— முடியாதுங்க. இத சொல்லவே அம்பது நாளாச்சு.

— தண்ணி குடிச்சிட்டு சொல்லுங்க.

— இருந்தாத்தான! டேங்கர்ல கூட இல்ல... அய்யய்யோ, வரப்புல யாருங்க அது? கொடையோட... உங்க மச்சாண்டாரு! கூட ரெண்டு பேரு! அறுக்கற ஆளுங்கள இன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டாரா?

— எங்க ஓடறீங்க?

— நான் டேங்கருக்குள்ள எறங்கி ஒளிஞ்சிக்கறேன். காலியாத்தான இருக்கு! நம்ம ரெண்டு பேரையும் கொட்டாயில தனியா பாத்தா உங்கள என்ன பேசுவாங்க?

— எறங்குங்க! மேல ஏறாதீங்க, வழுக்கும்! ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய! அய்யோ சாமி, மாட்டிக்கிட்டீங்களா! அவங்க அறுக்கற ஆளுங்க இல்லிங்க. அது மச்சாண்டாரு சம்சாரம், எங்க சசிகலாக்கா.

— கையில பளபளன்னு என்னமோ இருக்கே. ரம்பமா?

— ரம்பம் எங்கியாச்சும் வட்டமா இருக்குமா? தாம்பாளம். மேல தேங்கா நனஞ்சிட்டு வருது பாருங்க.

— மழையில தாம்பாளத்தத் தூக்கிட்டு ஏங்க வர்றாங்க? அந்தக் கடைசியா வர்ற அம்மா யாரு? நடை எங்கியோ பாத்த மாதிரி... அது எங்கம்மா! எங்கம்மா எப்பிடிங்க இங்க? நேத்து காரணமே இல்லாம பாயசம் வெச்சாங்க, ஏம்மான்னு கேட்டா சிரிச்சிட்டே உள்ள போயிட்டாங்க...

— டேங்கர விட்டு மொதல்ல எறங்கி தலையத் தொவட்டுங்க. நேத்து நீங்க குவாரியில ரொப்பிட்டு இருந்தப்ப, மச்சாண்டாரக் கூட்டிட்டு உங்க வூட்டுக்குப் போயி மாப்ள கேட்டுட்டு வந்ததே நான்தான்.