செம்பொட்டலில் ஒரு ஓட்டும் விழவில்லை

தேர்தல் அன்றைக்குப் பூத் ஆபீசர்களுக்குப் புளியோதரை அனுப்பியது நான்தான் சார். ஓட்டுப் போட ஒரு ஈ கூட வராத பள்ளிக்கூடத்தில் பாவம், பகல் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தர் விட்ட கொட்டாவிக்குள் ஒரு மினி பஸ்ஸே திரும்பியிருக்கும்.

நான் சிவபாண்டி. ராஜபாளையத்து மில் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் ஆஜர் எழுதி ரிட்டயர் ஆனவன். சேத்தூர்ப் பக்கம் எங்கள் செம்பொட்டலில் மொத்தம் நூற்றுப் பதினேழு ஓட்டு. ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் பாலம் இல்லாத ஓடை. போன ஐப்பசியில் அதில் தண்ணீர் போனபோது 108 வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது. என் மருமகள் பொன்மணிக்குக் கட்டிலில் வைத்தே பிரசவம். பிள்ளை தங்கவில்லை.

அதனால்தான் தேர்தல் புறக்கணிப்பு. ஒரு ஓட்டு விழுந்தாலும் 'ஊரே ரெண்டுபட்டுக் கிடக்கு' என்று பாலத்தைக் கைகழுவிவிடுவார்கள். ஓட்டுப் போடுகிற வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கட் என்று அம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினேன். எல்லாரும் அணைத்தார்கள். ஆவுடையப்பன் மாமா மட்டும் வரவில்லை. வயது எண்பத்தாறு. தேர்தல் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓட்டுப் போடுகிறவர்.

தேர்தல் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு வெள்ளை வேட்டியும் மஞ்சள் பையுமாக வருகிறார். பூத்துக்கும் பஸ்ஸுக்கும் அது ஒரே பாதை.

"எங்க மாமா, மாப்பிள்ளை கணக்கா?"

"சீவில்லிபுத்தூருக்குலே. ஆஸ்பத்திரிக்கு."

"ஓட்டுப் போடத்தானே போறீரு?"

"அது எப்பவோ போட்டாச்சுலே, கிறுக்குப் பயலே."

"விரலக் காட்டும்."

காட்டினார். கழுவின வெண்டைக்காய் மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மை இல்லை. மாமா என்னையே ஏய்க்கிறார் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று என் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போனேன். கயிற்றுக் கட்டில் உண்டு. குடத்தில் தண்ணீரும் உண்டு. தகரக் கூரைதான், ஆனால் சித்திரை வெயில் எல்லாருக்கும் பொதுதானே சார். ஒருவேளை தப்பித்துப் போனாலும் வாக்காளர் அட்டை இல்லாமல் போகட்டும் என்று பையை வாங்கிக்கொண்டேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்க மோட்டாரைப் போட்டுவிட்டுப் பூட்டினேன். தென்னைக்கும் தண்ணீர் பாய்ந்த மாதிரி ஆயிற்று.

பதினொன்றுக்கு மோட்டார் நின்றது. உள்ளேயிருந்து அவர்தான் அணைத்திருக்க வேண்டும்; ஆள் தெம்பாக இருக்கிறார் என்று நிம்மதி. அப்புறம் கதவைத் தட்டினார். ஒரு மணிக்கு அதுவும் நின்றது. தூங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வீட்டம்மா இருளம்மாள் அத்தை வந்து, "ஏலே, அவிய பஸ் ஏறிட்டாகளா?" என்று கேட்டாள்.

"ஏறிட்டாரு அத்தை. ஜன்னலோர சீட்டு."

பையைப் பிரித்தது ராத்திரி என்று முதலில் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. பகல் பன்னிரண்டுக்கே பார்த்துவிட்டேன். அட்டை இல்லை. ஆஸ்பத்திரி நோட்டு, நெஞ்சுவலி மாத்திரை, மயக்கம் வந்தால் வாயில் போட இரண்டு ஆரஞ்சு மிட்டாய். அப்போது அவர் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஏன் திறக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். திறந்தால் நேரே பூத்து வாசலில் நிற்கிற போலீஸிடம்தான் போவார். ஓட்டுப் போடும் எண்ணமே இல்லாத மனுஷன்கூட, அடைத்துவைத்த கோபத்தில் போட்டுவிடுவார். பன்னிரண்டுக்குத் திறக்க முடியாததை இரண்டுக்கு எப்படித் திறப்பேன், சொல்லுங்கள். ஒவ்வொரு மணியாகப் போகப் போக, வெளியே நிற்கிற என்னை வைத்துத்தான் யாரோ பூட்டுகிற மாதிரி இருந்தது. ஆறு மணிக்கு டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். எழுபது நாடு பார்த்திருக்கும். ஏழரைக்குத் திறந்தேன்.

கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கதவோடு சேர்ந்து சாய்ந்தார்.

அத்தை சொல்லித்தான் மற்றது தெரியும். நான் ஊரையே வேனில் ஏற்றிக் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போன அன்றைக்கு, ஆபீசர்கள் வீட்டுக்கே வந்து அவர் ஓட்டை வாங்கிப் போயிருக்கிறார்கள். எண்பத்தைந்து தாண்டியவர்களுக்கு அப்படி ஒரு சலுகையாம். அதுவும் தபால் ஓட்டுக் கணக்குத்தானாம், விரலில் மை கிடையாதாம். அதை எங்கள் பூத்துக் கணக்கிலும் சேர்ப்பதில்லையாம்.

ஆமாம் சார், நான்தான் கொன்றேன். அதில் மாற்றிப் பேச மாட்டேன். ஆனால் எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருத்தர்கூட உடையவில்லை. மாமாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.