கரண்டுக்கு முன்னால்

"பிள்ளையாரு திரைக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. திரை பிள்ளையாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

கோவில்பட்டியிலிருந்து புதியம்புத்தூர் போகும் பேருந்தில் பதினேழு பேர் நின்றோம். சொன்னவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் காதர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தையல் கம்பெனி நடத்தும் அம்மாள்.

"கம்ப்யூட்டர் வராம துணி வெட்டுத மிஷினும் நிக்குதே, தம்பி. சாயங்காலத்துக்குள்ள யூனிஃபார்ம் போகலைன்னா அந்த ஸ்கூல் ஆர்டரே இனிமே கிடையாது."

"நீங்கதான அக்கா, ஆன் பண்ணுனதும் எல்லாத்துக்கும் முன்னாடி பிள்ளையார் படம் வரணும்னீங்க. கம்ப்யூட்டரை ஓட்டுத லினக்ஸ்ல எது முன்ன, எது பின்னன்னு நாமதான் எழுதணும். அவருக்குப் பெறவுதான் மத்ததுன்னு எழுதிட்டேன். அந்த மத்ததுல திரையும் மாட்டிக்கிட்டு. திரை இல்லாம அவரு எங்கன தெரிவாரு?"

"அப்ப அந்த வரிய எடுத்துரு."

"பிள்ளையாரைக் காதர் எடுத்துட்டான்னு பேச்சு வரும். நீங்களே எடுங்க."

"நானா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"சரி, அவரைக் கடைசில வைக்கட்டா?"

"கடைசில ஆஞ்சநேயருல்லா வரணும்!"

பேருந்து ஓட்டப்பிடாரம் தாண்டியது. துணி வெட்டாமல் கிடப்பது எனக்கே பதற்றமாக இருந்தது.

"தம்பி, எடுக்காம இடம் மாத்தலாம்லா?"

"தாராளமா மாத்தலாம்க்கா."

அம்மாள் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, பிள்ளையார் ஸ்டிக்கர் ஒண்ணு வாங்கி கம்ப்யூட்டர் நெத்தில ஒட்டு. இனிமே அவரு கரண்டுக்கே முன்னாடி."