மிதவையைச் சரிசெய்தது யார் என்பது பற்றி

வண்டிப் பட்டறைக்காரரின் மனைவி, வயது நாற்பத்தாறு, வீட்டு வேலை, பட்டறையின் பின்கட்டில் குடியிருப்பு. விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி இடத்தில் கணவருடன் வசிக்கிறேன். பட்டறையின் வரவு செலவை நான்தான் பார்க்கிறேன். போன வருடம் என் கணவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கையைத் தூக்குவார், விரல் எதையும் பிடிக்காது. வெளியே தெரிந்தால் யாரும் வண்டி விடமாட்டார்கள் என்பதால் மூச்சு விடவில்லை. அதன் பிறகு பட்டறைக்குக் குறுக்கே தட்டி கட்டினோம். அவர் முன்னால் நின்று வண்டிக்காரர்களிடம் பேசுவார். அவர்கள் போனதும் அவர் சொல்லச் சொல்ல, தட்டிக்குப் பின்னால் நான் வேலை செய்வேன். எல்லாம் இப்படிக் கற்றதுதான். கடைசியில் அவர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை.

சம்பவத்தன்று காலை தோப்புக்காரர், தோப்புக்குள் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து, பெட்ரோல் ஒழுகுகிறது, மறுநாள் எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போனார். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி, அதன் நாக்கு ஊசியைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். நாக்கின் வளைவு கொஞ்சம் தப்பினாலும் அடைக்காது. என் கணவர் கைக்கு வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால், அளவைச் சொல்லிவிட்டு, வந்து பார்க்கிறேன் என்று போனார். நான் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கார்பரேட்டரைக் கழற்றினேன். வடிந்த பெட்ரோல் அடுத்தவர் பொருள் என்பதால் தனி டப்பாவில் எடுத்து வைத்தேன். நாக்கு ஊசியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி சாய்த்துப் பிடித்து, ஸ்கேல் வைத்து அளந்து, நாக்கை வளைத்தேன். அதன் பிறகு மாட்டி, மிஞ்சும் பெட்ரோல் வெளியேறும் ஒழுகு குழாய்க்குக் கீழே வெள்ளைக் காகிதம் விரித்தேன். விடியும்வரை காகிதம் நனையாமல் இருந்தால்தான் வண்டியைக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

அதன் பிறகு என் கணவர் திரும்பி வந்தார். அவர் தட்டியைத் தாண்டுவதற்குள் தோப்புக்காரர் வந்துவிட்டார். அவசரமாக வண்டி வேண்டும் என்றார். நாளைக்குத் தருகிறேன் என்று என் கணவர் சொன்னதற்கு, "ஒரு மிதவைக்கு ரெண்டு நாளாய்யா? கை தளர்ந்து போச்சா உனக்கு?" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். வேலை முடியவில்லை என்பதற்கு அடையாளமாக நான் உள்ளிருந்து இரண்டு தரம் இருமினேன். அவருக்குக் கேட்டது. "எடுத்துட்டுப் போங்க. நானே பாத்தது" என்றார். நான் வெளியே வந்து தடுத்திருக்கலாம். வந்தால் குட்டு உடைந்துவிடும் என்று நின்றுவிட்டேன். அப்போது காகிதம் காய்ந்தே இருந்தது.

அன்று சாயங்காலம் தோப்பின் மோட்டார் அறையில் வண்டி நின்றிருக்க, காவல்காரர் பக்கத்தில் அடுப்பு பற்றவைத்ததில் ஒழுகியிருந்த பெட்ரோலில் தீப்பிடித்து, அவர் இரண்டு காலும் வெந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். என் அளவு தப்பியதா, ஊசி உட்காரும் இடத்தில் தூசு நின்றதா என்று எனக்குத் தெரியாது. என் கணவர் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காவல்காரர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவர் மனைவி முகத்தில் விழிக்க என்னால் முடியவில்லை.

மிதவையைத் தன் கையால் சரிசெய்ததாக என் கணவர் இங்கே ஸ்டேஷனில் சொல்லியிருப்பது உண்மையல்ல. நேற்று இங்கே அடைத்து வைத்திருக்கும் அவரை நான் பார்க்க வந்தபோது, "நீ வாயத் திறக்காத. ஜெயில்னா போயிட்டு வரேன். கை போனவன்னு என்னை ஆக்கிடாத" என்றார். கொண்டுவந்த சோற்றை வழக்கம்போல் பிசைந்து ஊட்டப்போனேன். போலீஸ்காரர்கள் இருந்ததால் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் அவரிடம் ஒரு திருகாணியைக் கொடுத்துத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். ஆனால் பட்டறை வாசலில் வைத்து வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள்.

இதை எழுதியவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
பட்டறைக்காரர் மனைவி