சாக்கடையில் விழுந்த ஸ்க்ரூடிரைவர்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்ததும் ஜன்னலிலிருந்து திரும்பினேன்.

"மதினி, அன்னைக்கு நீங்க ஸ்க்ரூடிரைவரைப் புடுங்கிச் சாக்கடையில வீசலேன்னா உங்க தம்பி இன்னைக்கு இல்ல."

"அவன் கடையில அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அவனை அப்படிப் பண்ணிட்டேனேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல. அதான் இம்புட்டு நாளா உங்க வீட்டுப் பக்கமே வரல."

"அந்தப் பழைய டிவிப் பெட்டி மாதிரி கம்ப்யூட்டர் மானிட்டர்ல படம் சுருங்கி, கருகுன வாடை வந்துச்சு. பிளக்கைத்தான் புடுங்கிட்டேனே, இனி என்னன்னு பின்மூடியைக் கழட்டப் போனாரு."

"எங்க தெருவுல ஒருத்தர் அப்படித்தான் டிவியைக் கழட்டுனாரு. கரண்டு தூக்கி வீசிருச்சு. பிளக்கைப் புடுங்குனாலும் உள்ள கரண்டு தேங்கி நிக்கும்டான்னா அவன் கேக்கணுமே!"

"மறுநாள் மெக்கானிக் வந்து அந்தக் கரண்டை ஒயர் வச்சு இறக்குனாரு. பட்டாசு மாதிரி வெடிச்சுச்சு. பழகாத கை இதைத் தொடவே கூடாதுன்னாரு. அதைப் பாத்து உங்க தம்பி அப்படியே உக்காந்துட்டாரு, மூஞ்சியெல்லாம் வேர்வை."

"இன்னும் கோவமா இருக்கானா?"

"உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னதே அவருதான், மதினி."

வத்தலக்குண்டில் இறங்கினோம். ஒல்லியான ஒருவர் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அந்தக் கையைத் தடவிக் கொடுத்தாள்.

"சரிலே, வா. பசிக்குது."