பிரானிகன் பார்த்த பாய்லர்

என் குதிரை அரசாங்கத் தேர்வு எழுதித் தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணோடு முதலாவதாக வந்தது. பிறகு இந்த நகரத்தின் பாய்லர் சோதகராக இரண்டு வருடம் வேலை பார்த்தது. ஓட்ஸ் தின்ற வாயால் ஒருநாளும் லஞ்சம் தின்றதில்லை. அதற்கு முன்னால் இருந்த எந்தச் சோதகரைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது.

மதுக்கடையில் சொன்னால் சிரிக்கிறார்கள். இப்போது நான் எழுத எழுதத் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கும் மிஸ்டர் விட்கோம் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. அந்தத் தேர்வை நடத்திய குழுவின் செயலாளர் அவர்தான். ஜன்னலோரம் லுட்மிலா குபெலிக் உட்கார்ந்திருக்கிறாள். அவள் புருஷன் ஆன்டன், சலவைக்கூடத்து பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவன். அது வெடித்துப் பத்தொன்பது பெண்கள் செத்ததற்காகப் பதினொரு வருடமாகச் சிறையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை மன்னிப்புக் குழு கூடுகிறது. நான் எழுதுவது உண்மை என்று விட்கோமும் கையெழுத்திட்டால் ஆன்டன் வீட்டுக்கு வருவான். இல்லாவிட்டால் அங்கேயே சாவான்.

எழுதித் தா என்று கேட்டாள். மறுக்க எனக்கு என்ன இருக்கிறது? குதிரைக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்ததுதான் என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த வேலை. ஒருவராவது நம்ப வேண்டாமா?

ஆறாவது வட்டத்தில் ஒரு காலத்தில் தெருக்கூட்டுபவர் முதல் சோதகர்வரை நான் கைகாட்டிய ஆள்தான். வேலை நான் கொடுத்தேன், என் கட்சிக்கு ஓட்டு அவர்கள் கொடுத்தார்கள். அப்புறம் சீர்திருத்தக்காரர்கள் வந்து, இனி தேர்வு எழுதினால்தான் வேலை என்று சட்டம் போட்டார்கள். விட்கோம் ஒரு முறை கண்டுபிடித்தார். விடைத்தாளில் எண் மட்டும். பெயர் தனியாக, ஒட்டி மூடிய உறைக்குள். திருத்தி முடித்த பிறகே உறையைப் பிரிப்பார்கள், உத்தரவு தபாலில் போகும். ஆள் யார், எந்த ஊர், எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியக்கூடாது. நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை. கடைசிவரை ஒருவரும் ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை.

குடியால் பள்ளி வேலையை இழந்த கணக்கு வாத்தியார் லாக்ரியை அனுப்பித் தேர்வு எழுதவைத்தேன். உறைக்குள் ஜெரெமையா பிரானிகன் என்று என் கரிவண்டிக் குதிரையின் பெயர். முகவரி என் லாயம். குடிப்பழக்கம் இல்லை, கட்சிச் சார்பு இல்லை, எல்லாம் உண்மை. வயதில் மட்டும் பொய். ஏழு வயதை முப்பத்தொன்று ஆக்கினேன்.

"அளந்து விடாதீங்க மல்குவீன். என் தேர்வுல இதெல்லாம் நடக்கவே நடக்காது" என்கிறார் விட்கோம்.

"அதையும் எழுதிக்கிறேன், இருங்க."

உறையில் ஒரு மனிதனின் பெயரை வைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். வைத்திருந்தால் ஒருவனுக்கு வேலை கிடைத்திருக்கும். குதிரையை வைத்ததில் எனக்குச் சந்தோஷம் கிடைத்தது. சோதகர்களின் மேலதிகாரி நம்ம ஆள், தினமும் வருகை போட்டுவிடுவான். பாய்லர் முதலாளிகள் சான்று கேட்டு எழுதுவார்கள். லாக்ரி பாய்லரைப் பார்க்காமலே பிரானிகன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவான்.

ஒரு ஜனவரியில் ஆன்டன் என் முற்றத்துக்கு வந்தான்.

"தலைவரே, பாய்லர் தகடு கசியுது. ராத்திரியெல்லாம் முனகுது. அந்த பிரானிகன் ஐயாவ ஒருதடவ வந்து தட்டிப் பாக்கச் சொல்லுங்க."

"பாத்துட்டாருப்பா. கையெழுத்தும் போட்டாச்சு."

"எப்ப வந்தாரு? நான் அங்கயேதான கெடக்கேன், கண்ணுல படலயே."

"நீ அசந்திருப்ப. அவரு அதிகம் பேசமாட்டாரு."

அசந்திருப்பேன்தான் என்று அவன் சிரித்துவிட்டான். போகும்போது முற்றத்தில் கட்டியிருந்த குதிரையின் நெற்றியைத் தடவி, பையிலிருந்த கேரட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று நான் சிரிப்பை அடக்கிய பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒன்பது நாள் கழித்துச் சலவைக்கூடத்தின் சுவர் எதிர்த்தெருவில் கிடந்தது. சவப்பெட்டிகளைக் கல்லறைக்கு இழுத்துப் போனதும் பிரானிகன்தான், தலையில் கறுப்பு இறகோடு. பத்தொன்பது வீட்டுக்கும் பன்றித்தொடை ஒன்று, மலர்வளையம் ஒன்று என் செலவில் போனது. அந்த நவம்பரில் பத்தொன்பது வீடும் எங்களுக்கே ஓட்டுப் போட்டது.

பாய்லர் நன்றாக இருந்ததாகச் சான்று சொன்னது. அப்படியானால் கரி போட்டவன்மீதுதான் தப்பு. நீதிமன்றத்தில் பிரானிகனைச் சாட்சிக்கு அழைத்தபோது உடம்பு சரியில்லை என்று டாக்டர் கடிதம் கொடுத்தோம். குதிரை டாக்டர்தான். நான் அன்றே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள்.

நான் யாரையும் கொல்லவில்லை. பாய்லர்கள் வெடிக்கும். நான் ஒரு வேடிக்கை செய்தேன், அவ்வளவுதான்.

விட்கோம் கிளம்புவதற்குத் தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார். "குடிகாரன் உளறலுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா. குதிரையாம்."

லுட்மிலா எழுந்திருக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. பிரானிகனுக்கு வேலை உத்தரவு அனுப்பினது நீங்க. அவரு முகவரி உங்ககிட்ட இருந்துச்சு. இத்தன பேரு செத்தப்பறம், அந்த மனுசன் யாருன்னு ஒருதடவகூடப் போய்ப் பாக்கலயா?"

தொப்பி அவர் கையிலேயே இருந்தது.

"போனேன்" என்றார். "சவ ஊர்வலம் முடிஞ்ச அன்னிக்கி சாயங்காலம். லாயக் கதவுல அந்தப் பேரு எழுதியிருந்துச்சு."

லுட்மிலா எழுந்து வந்து நான் எழுதிய தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெளிய சொன்னா தேர்வுமுறையவே மூடிடுவாங்கன்னு நெனச்சேன். நல்ல முறைம்மா அது." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து என் பேனாவை வாங்கிக்கொண்டார். "தலையில அந்தக் கறுப்பு இறகக்கூட இன்னும் எடுக்கல. எல்லாம் நடந்ததுதான்."