கட்அவுட்டுக்கு ஊற்றிய பால்

ஆம்பூரில் பஸ் ஏறிய மாமியாரும் மருமகளும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். மருமகள் மடியில் ஐஸ் பெட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொண்டுபோகிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

“இன்னா சாதின்னே தெரியாத புள்ளைங்களுக்கு நம்ம வீட்டுப் பாலா?” என்றார் மாமியார்.

“அதுங்களுக்கு இன்னும் வெயிட்டே ஏறல அத்தை. சாதி எப்ப ஏறுறது?”

“நம்ம கொழந்தைக்குக் கம்மியாய்டும்டீ.”

“அவன் குடிச்ச மீதிதான் இது. உங்க புள்ள நடிகர் கட்அவுட்டுக்குக் குடம் குடமா பால் ஊத்தினாரே, அப்ப ஒண்ணும் சொல்லலியே நீங்க?”

“அது மாட்டுப் பால்டீ.”

“அந்த அட்டை பசின்னு அழுவலியே அத்தை.”

மகன் சிரித்துவிட்டான். மாமியார் அவன் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா சிரிப்பு? ஊத்துனது நீதானே?”