கடலுக்கும் ஒரு டோக்கன்

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு போகும் காலை ரயிலில், எனக்கு எதிரே வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். சேர்ந்தாற்போல் வரும் மூன்று நாள் லீவுக்குத் தோழிகளோடு கோவா போகிறார்கள் என்பது அடுத்த ஸ்டேஷனுக்குள் பெட்டிக்கே தெரிந்துவிட்டது.

ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "கடல்ல எறங்கறவங்க டோக்கன் குடுத்துட்டுதான் எறங்கணும்."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "இன்னாடி, கடல் இன்னா மைன்ஸா?"

"எங்கப்பா ஷாஃப்ட்ல எறங்கச்சொல்லோ டோக்கன் குடுத்துட்டுதான் கேஜ் லிஃப்ட்ல ஏறுவாரு. ஷிஃப்ட் முடிஞ்சி எல்லாரும் திருப்பி வாங்கினப்புறம் ஒரு டோக்கன் மிச்சம் இருந்தா, ஆளு இன்னும் கீழதான்னு தெரிஞ்சிடும். தேடப் போவாங்க."

"நாம அஞ்சே பேரு. எண்ணிக்க மாட்டோமா?"

"மகாபலிபுரத்துல எண்ணினீங்களா?"

பக்கத்தில் இருந்தவளின் சிரிப்பு நின்றது.

"அலை என்னப் புரட்டி இழுத்துனு போவுது, நீங்க நாலு பேரும் செல்ஃபி எடுத்துனு இருந்தீங்க. யாரோ மீன்காரரு பாத்து தூக்கினு வந்தாரு."

"அதுக்குதாண்டி இந்த வாட்டி நீ கரையில பை பாத்துக்கோன்னு சொல்றோம்."

"பை பாக்க கோவா எதுக்கு? நான் எறங்குவேன். கரையில மாத்தி மாத்தி ஒருத்தர் நிக்கணும். எறங்கறவங்க அவங்க கிட்ட ஒத்தச் செருப்பக் குடுத்துட்டுப் போவணும். அதான் டோக்கன்."

"மொதல்ல யாரு நிக்கறது?"

"நீதான். நான் ஏறி வர்ற வரைக்கும் போனத் தொடக் கூடாது."

பங்காருபேட்டையில் ரயில் நின்று, மறுபடி கிளம்பியது. பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள்.

"செருப்பக் கீழயே வெக்க மாட்டேன்டி," என்றாள். "கையிலயே வெச்சினு நிப்பேன்."